ஒரே மாதிரி இருக்கும் தபால்தலைகள்... ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘வீட்டு எண்’!

ஸ்ரீரங்கம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் நிற்பவை 953 தூண்கள். அதில் ஏதோ ஒரு தூணை மட்டும், அக்கம்பக்கம் எதுவும் தெரியாமல் படம் எடுத்து, ஒருவர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ‘இது எந்த வரிசையில் எத்தனையாவது தூண்?’ என்றும் கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

‘எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு!’ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால், அந்த மண்டபத்தையே சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு தூணையும் கவனித்த ஒருவர் இருந்தால், அவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஒரு தூணின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கும். இன்னொன்றில் உளி லேசாக வழுக்கிய கோடு இருக்கும். மற்றொன்றின் பட்டை ஒரு நூல் அளவு சாய்ந்திருக்கும். அந்தச் சின்னக் குறைதான் அந்தத் தூணின் அடையாளம்.

பழைய தபால்தலைகளை வைத்து இதே வேலையைச் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கையில் இருப்பது கட்டை விரல் நகம் அளவுள்ள ஒற்றைத் தபால்தலை. அது அச்சாகி 170 வருஷம்கூட ஆகியிருக்கலாம். அது இருந்த பெரிய தாள் எப்போதோ துண்டு துண்டாகிவிட்டது. ஆனாலும், ‘இது அந்தத் தாளில் மூன்றாம் வரிசையில் ஐந்தாவதாக இருந்தது’ என்று ஆதாரத்தோடு சொல்கிறார்கள். இந்தக் கலைக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிளேட்டிங்’. அச்சுத் தகட்டில் ஒரு தபால்தலையின் இடத்தைக் கண்டுபிடிப்பது என்று பொருள்.

இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். போலியைப் பிடிக்கலாம், திருடுபோனதை மீட்கலாம், அழிந்துபோன ஓர் அச்சுத் தாளையே மறுபடி உருவாக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய கடிதக் கட்டை எப்படித் தொட வேண்டும், எப்படித் தொடக்கூடாது என்பதும் புரியும்.

வீட்டு எண் தெரியும்... ஊர் தெரியாது!

உலகின் முதல் தபால்தலை, 1840-ல் இங்கிலாந்தில் வந்த ‘பென்னி பிளாக்’. கறுப்பு நிறம், விக்டோரியா ராணியின் முகம், விலை ஒரு பென்னி. ஒரு தாளில் 240 தபால்தலைகள். குறுக்கே 12, நெடுக்கே 20 வரிசை. அன்றைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுண்டு. ஒரு வரிசை வாங்கினால் ஒரு ஷில்லிங், முழுத் தாள் வாங்கினால் ஒரு பவுண்டு. கணக்கு சுலபம்.

இந்தத் தபால்தலையின் கீழ் மூலைகள் இரண்டிலும் ஆளுக்கு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். இடது எழுத்து வரிசையைச் சொல்லும்; வலது எழுத்து அந்த வரிசையில் எத்தனையாவது என்று சொல்லும். ‘ஏ - ஏ’ என்றால் முதல் வரிசையில் முதலாவது. ‘டி - கே’ என்றால் நான்காம் வரிசையில் பதினொன்றாவது. கடைசித் தபால்தலை ‘டி - எல்’ இல்லை. இருபதாம் எழுத்தான இன்னொரு ‘டீ’யில் தொடங்கும் ‘டீ - எல்’. போலி அச்சடிப்பதைத் தடுக்கத்தான் இந்த எழுத்துகளை வைத்தார்கள்.

அப்படியானால் இடம்தான் தபால்தலையிலேயே அச்சாகி இருக்கிறதே, இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. பென்னி பிளாக் அச்சிட 11 தகடுகள் பயன்பட்டன. எல்லாத் தகட்டிலும் ஒரு ‘டி - கே’ உண்டு. ‘தெற்கு வீதி, நான்காம் வரிசை, பதினொன்றாம் வீடு’ என்று மட்டும் எழுதி ஒரு கடிதத்தைப் பெட்டியில் போட்டால் எப்படி இருக்கும்? தெற்கு வீதி எந்தக் கோயில் ஊரில்தான் இல்லை! வீட்டு எண் தெரிகிறது, ஊர் தெரியவில்லை. எந்தத் தகடு என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே சவால்.

அதற்கும் வழியைக் காட்டியது மனிதக் கைதான். ராணியின் படத்தை எஃகு உருளையால் தகட்டில் பதித்தார்கள். அதனால் எல்லா முகங்களும் ஒன்றுபோல வந்தன. ஆனால் மூலை எழுத்துகளை ஒரு தொழிலாளி ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்துப் பதித்தார். ஒரு தகட்டுக்கு 480 அடி. எத்தனை கவனமாக அடித்தாலும் ஒரு எழுத்து கொஞ்சம் மேலே போகும், இன்னொன்று இடது பக்கம் சாயும், வேறொன்று கட்டத்தின் கோட்டை உரசும். ஒவ்வொரு தகட்டின் ‘டி - கே’யும் இப்படித்தான் வேறுபட்டு நிற்கிறது. சார்லஸ் நிசென் என்பவர் 1922-ல் இதற்கென ஒரு புத்தகமே வெளியிட்டார். எழுத்து எங்கே சாய்கிறது, எங்கே தொடுகிறது என்பதை வைத்துத் தகட்டைக் கண்டுபிடிக்க வழிகாட்டும் புத்தகம் அது.

எழுத்துப் பிழையே அடையாளம்

நம் தமிழர்களும் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன மொரீஷியஸில், 1848-ல் இன்னும் சுவையான விஷயம் நடந்தது. அங்கே ஜோசப் பர்னார்ட் என்ற செதுக்குக் கலைஞர், ஒரு செப்புத் தகட்டில் 12 தபால்தலைகளையும் தனித்தனியாகக் கையால் செதுக்கினார். அதனால் பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். இரண்டு பென்ஸ் தகட்டில் ஏழாவதைச் செதுக்கும்போது ‘பென்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘சி’ வர வேண்டிய இடத்தில் ‘ஓ’ விழுந்துவிட்டது. இன்று அந்தப் பிழையோடு ஒரு தபால்தலை கிடைத்தால் தேடவே வேண்டாம். அது ஏழாம் இடத்துப் பிள்ளை!

கல்கத்தாவின் கல்லில் நம்ம அரையணா

இப்போது நம் ஊருக்கு வரலாம். 1854 அக்டோபர் 1 அன்று இந்தியா முழுமைக்குமான தபால்தலைகள் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் தூரம் கூடக் கூடக் கூலியும் கூடும். புதுச் சட்டப்படி, கால் தோலா எடையுள்ள கடிதம் இந்தியாவில் எங்கே போனாலும் அரை அணாதான். திருச்சி கோட்டையிலிருந்து கன்டோன்மென்ட்டுக்குப் போனாலும் சரி, கல்கத்தாவுக்குப் போனாலும் சரி. நாகப்பட்டினத்திலிருந்து ரயில் திருச்சிக்கு வந்தது 1862-ல்தான். அதுவரை இந்த அரையணாக் கடிதங்களை ஓட்டக்காரர்கள்தான் ஊர் ஊராகச் சுமந்தார்கள்.

அந்த நீல நிற அரையணாவையும், சிவப்பு ஒரு அணாவையும் லண்டனில் அச்சிடவில்லை. கல்கத்தாவில், நில அளவைத் துறை அலுவலகத்தில், கேப்டன் துய்லியர் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் அச்சிட்டார்கள். வரைபடம் அச்சிடும் அலுவலகம் அது. மூல அச்சைச் செதுக்கியவர் ஓர் இந்தியர். முனிருதீன் என்று அறியப்படும் அவரது பெயரைக்கூட அன்றைய ஆவணங்கள் ஒழுங்காக எழுத்துக்கூட்டி வைக்கவில்லை.

முதலில் அரையணாவைச் சிவப்பில்தான் அச்சிடத் தொடங்கினார்கள். இங்கிலாந்துச் சிவப்பு மை தீர்ந்து, உள்ளூர்ச் சிவப்பை ஊற்றியதும் கல்லில் இருந்த படமே கெட்டுப்போனது. அந்த முயற்சியைக் கைவிட்டு, வேறு வடிவில் நீல அரையணாவைக் கொண்டுவந்தார்கள். கைவிடப்பட்ட அந்தச் சிவப்பு அரையணா இன்று அபூர்வப் பொருள்.

கல்லில் அச்சிடுவது எப்படி? முதலில் செப்புத் தகட்டில் ஒரே ஒரு படம் செதுக்குவார்கள். அதிலிருந்து எண்ணெய்ப் பசையுள்ள மையால், தனி வகைத் தாளில் பிரதிகள் எடுப்பார்கள். அந்தப் பிரதிகளை வரிசையாகக் கல்லின் மேல் வைத்து அழுத்தினால் படம் கல்லில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கல்லை ஈரப்படுத்தி மை உருட்டினால், எண்ணெய்ப் பசை உள்ள இடம் மட்டும் மையைப் பிடிக்கும். அரையணாத் தாளில் இப்படி 96 படங்கள்: குறுக்கே 8, நெடுக்கே 12.

இந்த முறையில் 96 முறையும் ஒரே மாதிரி படம் வந்திருந்தால்தான் ஆச்சரியம். ஒரு பிரதியில் தூசி இருக்கும். ஒன்றில் தாள் சுருங்கி, ராணியின் கழுத்துக் கோடு விட்டுப்போயிருக்கும். ஒன்றில் ஓரக் கட்டம் உடைந்திருக்கும். உடைந்த இடத்தை ஒரு தொழிலாளி தூரிகையால் கல்லிலேயே தொட்டுச் சரிசெய்திருப்பார். அந்தத் தொடுதலும் அச்சில் விழும். தாளுக்குத் தாள், அதே இடத்தில் அதே குறை திரும்பத் திரும்ப வரும்.

பென்னி பிளாக்கில் வீட்டு எண்ணாவது இருந்தது. நம் அரையணாவில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. குறை ஒன்றுதான் துப்பு.

ஜோடி பிரியாமல் இருந்தால்...

சரி, ஒரு குறையைப் பார்த்ததும் அது எந்த இடம் என்று எப்படித் தெரியும்? முழுத் தாள் ஒன்று கிடைத்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால், ஜோடிகளைத் தேட வேண்டும்.

ஒட்டியபடி இருக்கும் இரண்டு தபால்தலைகள் ஒரு கடிதத்தில் கிடைக்கின்றன என்று வையுங்கள். இடது பக்கம் இருப்பதில் காதுக்கு அருகே ஒரு புள்ளி. வலது பக்கம் இருப்பதில் உடைந்த கோடு. வேறொரு ஊரில், வேறொருவரின் ஆல்பத்தில் இன்னொரு ஜோடி. அதில் உடைந்த கோடு இடது பக்கம். வலது பக்கத்தில் மூலையில் ஒரு கீறல். இரண்டையும் சேர்த்தால் புள்ளி, உடைந்த கோடு, கீறல் என மூன்று வீடுகளின் வரிசை தெரிந்துவிட்டது. இப்படி நான்கு, ஐந்து என்று வரிசை நீளும். மேலும் கீழுமாக ஒட்டிய ஜோடி கிடைத்தால் இரண்டு வரிசைகள் இணையும். தாளின் வெள்ளை ஓரத்தோடு ஒன்று கிடைத்தால், ‘இதுதான் ஊர் எல்லை’ என்று முடிவாகும். மேஜையில் படம் இல்லாமலே ஜிக்சா அடுக்குகிற மாதிரிதான்.

அந்தக் காலத் தபால்தலைகளுக்கு ஓரத்துளைகள் கிடையாது. அஞ்சலகத்தில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார்கள். கத்தரி கொஞ்சம் கோணலாகப் போனால், பக்கத்துத் தபால்தலையின் ஓரக் கோடும் கூடவே வந்துவிடும். அன்றைக்கு அது கவனக்குறைவு. இன்றைக்கு அது பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சி!

அமெரிக்காவில் கேரல் சேஸ் என்ற மருத்துவர், 1851-ல் வந்த மூன்று சென்ட் தபால்தலையின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை இப்படி அடுக்கி, 1929-ல் புத்தகமாக வெளியிட்டார். இந்தியாவின் நான்கு அணாவுக்கு அதே வேலையைச் செய்து 1930-ல் நூல் எழுதியவர்கள் மார்ட்டினும் ஸ்மைதிஸும். இரண்டாமவர் இந்திய வனத்துறை அதிகாரி. காட்டில் மரம் எண்ணியவர், வீட்டில் கோடு எண்ணியிருக்கிறார்.

தலைகீழ் ராணியும் கத்தரிக்கோலும்

அந்த நான்கு அணாவுக்குத் தனிக் கதை உண்டு. இரண்டு நிறம் கொண்டது: சிவப்புச் சட்டம், உள்ளே நீலத்தில் ராணியின் தலை. நிறத்துக்கு ஒரு முறை என, தாள் இரண்டு முறை அச்சுக்குப் போக வேண்டும். முதலில் வந்த தாள்களில் பன்னிரண்டே தபால்தலைகள்தான். ஏதோ ஒரு சமயம் தாளைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள். சட்டம் நேராக இருக்க, ராணி தலைகீழானார். இன்று உலகில் தெரிந்தவரை சுமார் முப்பதுதான் இருக்கின்றன. உலகின் மிக விலை உயர்ந்த தபால்தலைப் பிழைகளில் அதுவும் ஒன்று.

அவற்றில் பெரும்பாலானவை எண்கோண வடிவில் வெட்டப்பட்டவை என்பதுதான் வருத்தம். படத்தின் சட்டம் எண்கோணம் என்பதால், அழகாக இருக்கட்டும் என்று யாரோ மூலைகளை நறுக்கி எறிந்துவிட்டார்கள். சதுரமாகத் தப்பியவை இரண்டோ மூன்றோதான். தபால்தலைகளுக்கு இடையே இருந்த அலைக்கோடுகளும், பூ வேலைப்பாடும் அந்த நறுக்கலில் போய்விட்டன. இடத்தைச் சொல்லக்கூடிய சாட்சிகள் அவை. ஒரு கத்தரிக்கோலின் இரண்டு நிமிட வேலை அது.

திருடனைத் தாண்டி நின்ற எண்

அரைநூற்றாண்டுக்கும் மேல் கழித்து அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு தவறு நடந்தது. அங்கேயும் சிவப்புச் சட்டம், நீல நடுப்படம். ராணிக்குப் பதில் விமானம். 1918 மே 14 அன்று வாஷிங்டனில் வில்லியம் ரோபி என்பவர் 24 சென்ட் விமானத் தபால்தலைகள் நூறு கொண்ட ஒரு தாளை 24 டாலருக்கு வாங்கினார். நூறிலும் விமானம் தலைகீழ்! சில நாட்களிலேயே அதை 15,000 டாலருக்கு விற்றார். அது கர்னல் கிரீன் என்ற செல்வந்தரிடம் 20,000 டாலருக்குப் போனது. தாளைப் பிரிப்பதற்கு முன்பாக, ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் 1 முதல் 100 வரை இட எண் குறித்தார்கள்.

அதில் 65, 66, 75, 76 ஆகிய நான்கும் ஒட்டியபடி எதெல் மெக்காய் என்ற பெண்மணியிடம் வந்து சேர்ந்தன. 1955-ல் நார்ஃபோக் நகரில் நடந்த கண்காட்சியில் அந்த நான்கும் திருடுபோயின. திருடியவர்கள் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஆனால் அந்த நான்கு இடங்கள் உலகத்துக்கே தெரியும். வருஷங்கள் போனாலும், யாராவது ஒருவர் விற்க வந்தால் மாட்டிக்கொள்வார் என்ற நிலை. இரண்டு தபால்தலைகள் இருபதாம் நூற்றாண்டிலேயே மீட்கப்பட்டன. 2016-ல் அயர்லாந்து இளைஞர் ஒருவர், தன் தாத்தா வழியாக வந்த தபால்தலையை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். ஆராய்ந்த நிபுணர்கள் அது 76-ஆம் இடத்துத் தபால்தலைதான் என்று சொல்லிவிட்டார்கள். 61 வருஷம் கழித்து அது உரியவர்களிடம் திரும்பியது. 66-ஆம் இடத்துத் தபால்தலை இன்னும் கிடைக்கவில்லை.

போலிகளுக்கும் இதே வைத்தியம்தான். 1854-ன் இந்தியத் தபால்தலைகளுக்குப் பிற்காலத்தில் அரசே எடுத்த மறு அச்சுகள் உண்டு. ஏமாற்றுவதற்கென்றே செய்த போலிகளும் உண்டு. போலி செய்பவர் ராணியின் முகத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடலாம். அந்த 96 இடங்களில் எந்த இடத்துக் குறையும் அதில் பொருந்தவில்லை என்றால்? வீட்டு எண் கேட்டதும் முழிக்கிற ஆள் மாதிரிதான். சந்தேகம் அங்கேயே தொடங்கிவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில்...

திருச்சி கோட்டையைச் சுற்றிய பழைய வணிகக் குடும்பங்களிலும், ஸ்ரீரங்கம் உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளிலும், வீட்டைப் புதுப்பிக்கும்போது பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்குவது சகஜம். உள்ளே கணக்கு நோட்டுகள், பத்திரங்கள், கடிதக் கட்டு. ‘பழைய பேப்பர்’ என்று எடைக்குப் போடுவது ஒரு வகை. ‘ஸ்டாம்பை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துடலாம்’ என்று கிழித்து எடுப்பது இன்னொரு வகை. இரண்டிலும் இழப்புதான்.

பழைய கடிதம் கையில் கிடைத்தால் செய்ய வேண்டியவை:

• தபால்தலையைக் கடிதத்திலிருந்து பிரிக்காதீர்கள். முகவரி, முத்திரை, தேதி எல்லாம் சேர்ந்ததுதான் அதன் ஜாதகம். தேதி தெரிந்தால்தான் எந்தக் காலத்து அச்சு என்று தெரியும்.

• ஒட்டியிருக்கும் ஜோடியை வெட்டாதீர்கள். நூறு ஒற்றைத் தபால்தலைகள் சொல்லாததை ஒரு ஜோடி சொல்லும்.

• ஓரத்தை ‘அழகாக’ நறுக்காதீர்கள். கோணல் ஓரம்தான் துப்பு.

• தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். செல்லோடேப், கோந்து, லேமினேஷன் எதுவும் வேண்டாம்.

• இடுக்கியால் எடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். போன் கேமராவில் நல்ல வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலே பல குறைகள் தெரியும்.

• விற்பதாக இருந்தால், தெரிந்தவரிடம் கேட்டு, நிபுணர் சான்றிதழ் பெற்ற பிறகே விலை பேசுங்கள்.

எல்லாப் பழைய தபால்தலையும் லட்சக்கணக்கில் விலை போகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிழிந்தோ கறைபட்டோ இருக்கும் அரையணாவுக்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால் அதன் இடத்தைக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை யாரும் குறைக்க முடியாது. பிளேட்டிங் செய்பவர்கள் பலரும் மலிவான, அழகில்லாத தபால்தலைகளில்தான் தொழில் பழகுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஆர்வம் இருந்தால் திருச்சி தலைமை அஞ்சலகத்தில் இருக்கும் தபால்தலை சேகரிப்பு மையத்தில் தொடங்கலாம். குறைந்தபட்சம் 200 ரூபாய் செலுத்திக் கணக்கு தொடங்கினால் புதிய தபால்தலைகள் வீட்டுக்கே வரும். 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு, தபால்தலை சேகரிப்பை ஊக்குவிக்க ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் ‘தீன் தயாள் ஸ்பர்ஷ்’ உதவித்தொகைத் திட்டத்தை அஞ்சல் துறை 2017-ல் தொடங்கியது. தகுதி விவரங்களை அஞ்சலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கல்கத்தாக் கல்லில் உடைந்த கோட்டைத் தூரிகையால் தொட்டுச் சரிசெய்த தொழிலாளியின் பெயர் எங்கேயும் இல்லை. லண்டனில் 480 முறை சுத்தியல் பிடித்தவரின் பெயரும் தெரியாது. ஆனால் அவர்களுடைய கை கொஞ்சம் நடுங்கிய இடம், கொஞ்சம் வழுக்கிய இடம் எல்லாம் அந்தச் சின்னக் காகிதத்தில் அப்படியே இருக்கிறது.

அடுத்த முறை ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்க்கும்போது, ஏதாவது ஒரு தூணின் அருகே இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். பக்கத்துத் தூணில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருக்கும்.